தோல் முதலில், எலும்பு பிறகு: பூகிஸ் மரக்கலம் உருவாகும் விதம்

சிங்கப்பூர் போய்வந்த தமிழர்களில் பூகிஸ் எம்ஆர்டி நிலையத்தில் இறங்காதவர்கள் குறைவு. லிட்டில் இந்தியாவுக்கு அங்கிருந்து இரண்டே நிறுத்தம். வெளியே வந்தால் மலிவு விலைச் சட்டை, கைக்கடிகாரம், பழச்சாறு என்று ஒரு சந்தை. கொஞ்சம் நடந்தால் கம்போங் கிளாம், சுல்தான் மசூதி, முர்தபா கடைகள். நானும் அந்த வட்டாரத்தில் சுற்றியிருக்கிறேன். ‘பூகிஸ்’ என்றால் என்ன என்று யாரையும் கேட்கத் தோன்றியதில்லை. ‘கிளாம்’ என்றால் என்ன என்றும் கேட்டதில்லை. முன்னது ஒரு கடலோடி மக்களின் பெயர், பின்னது படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்கப் பட்டை தரும் மரத்தின் பெயர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

பூகிஸ் மக்களின் சொந்த மண் சிங்கப்பூரிலிருந்து வெகு கிழக்கே, இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் இருக்கிறது. வரைபடத்தில் அந்தத் தீவு நாலு கைகளையும் ஆளுக்கொரு பக்கம் வீசிப்போட்டது போலக் கிடக்கும். தென்மேற்கே நீளும் கை இவர்களுடையது. ஊரில் பெரும்பாலோர் நெல் விளைவிப்பவர்கள். வெளியுலகம் இவர்களைக் கண்டது கடல் வழியாக. 1669இல் டச்சுக் கம்பெனியும் அதன் கூட்டாளிகளும் அதே கையில் இருந்த மகாசார் அரசின் கோட்டையை வீழ்த்திய பிறகு, தோற்ற பக்கம் நின்ற வாஜோ நாட்டுப் பூகிஸ் மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். போர்னியோ, ரியாவ், மலாய்க் கரை என்று பரவினார்கள். 1820 வாக்கில் அருங் பிலாவா என்ற தலைவரோடு சுமார் 500 பேர் ரியாவிலிருந்து சிங்கப்பூர் வந்து குடியேறினார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் கிழக்குக் காற்றோடு பூகிஸ் கலங்கள் சிங்கப்பூருக்கு வரும். ஆமை ஓடு, கடல் அட்டை, தங்கத் துகள், பூகிஸ் கைலி எல்லாம் இறக்கிவிட்டு, பருத்தித் துணியும் அபினும் இரும்பும் ஏற்றிக்கொண்டு மேற்குக் காற்றோடு திரும்பும்.

அந்தக் கலங்கள் எப்படிக் கட்டப்பட்டன, இன்றும் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். படகைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் படிக்கலாம். நானும் தரைவாசிதான்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ‘பூகிஸ் படகு’ என்று உலகம் சொல்வதைக் கட்டும் கைகள் பெரும்பாலும் பூகிஸ் கைகள் அல்ல. சுலவேசியின் அந்தத் தென்மேற்குக் கையின் கீழ் நுனியில் புலுகும்பா மாவட்டம் இருக்கிறது. அங்கே ஆரா, லெமோ லெமோ, தானா பேரு, பிரா என்று சில கடலோர ஊர்கள். இவற்றில் வாழ்பவர்கள் கொஞ்சோ மொழி பேசுகிறவர்கள். பூகிஸுக்கு அண்டை வீட்டார், மகாசார் மக்களுக்கு நெருங்கிய உறவு. பூகிஸ் வணிகர்கள் கலத்தை வாங்கி ஓட்டினார்கள், ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பெயர் வாங்கினார்கள். செய்தவன் பெயர் பின்னுக்குப் போய், ஓட்டியவன் பெயர் முன்னுக்கு வந்துவிட்டது.

ஏன் குறிப்பாக இந்த ஊர்கள்? ஊர்க்காரர்களிடம் அதற்கு ஒரு கதை இருக்கிறது. பூகிஸ் காவியமான லா கலிகோவின் நாயகன் சவேரிகாடிங். அவன் வெலென்ரெங் என்ற மாபெரும் மரத்தை வீழ்த்திக் கலம் செய்து, வே சுடாய் என்ற இளவரசியை மணக்கக் கடல் கடந்து போகிறான். பிற்பாடு அந்தக் கலம் உடைந்தது, அதன் துண்டுகள் இந்தக் கரையில் ஒதுங்கின என்பது புலுகும்பா மக்கள் சேர்த்துச் சொல்லும் கதை. உடலின் பலகைகள் ஆராவில் ஒதுங்கியதால் ஆராக்காரர்கள் கட்டக் கற்றார்கள். பாயும் கயிறும் பிராவில் ஒதுங்கியதால் பிராக்காரர்கள் ஓட்டக் கற்றார்கள். லெமோ லெமோவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. யார் யாருக்கு எது என்பது சொல்லும் ஆளைப் பொறுத்துச் சற்று மாறும். ஊருக்கு ஊர் நடந்த வேலைப் பிரிவினைக்குப் பின்னால் வந்த விளக்கம் இது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனாலும் உடைந்த கப்பலைப் பார்த்துக் கப்பல் கட்டக் கற்றார்கள் என்று சொல்வதில் ஒரு கைவினைஞனின் நேர்மை தெரிகிறது. எதையும் பிரித்துப் பார்த்தவன்தானே சேர்க்கவும் தெரிந்தவன்.

இன்று கலங்கள் வரிசையாக எழும் கடற்கரை தானா பேரு. மகாசார் நகரிலிருந்து சாலைவழியே நாலைந்து மணி நேரம். பெரிய மதில், கிரேன், கான்கிரீட் மேடை எதுவும் கிடையாது. தென்னை மரங்களுக்கு இடையே மணலில் முட்டுக்கொடுத்து நிற்கும் மரக் கப்பல்கள், மேலே ஒப்புக்கு ஒரு கூரை, தரையெல்லாம் மரச் சீவல். இந்தக் கொட்டகைக்கு பாந்திலாங் என்று பெயர். தலைமை ஆசாரியை பன்ரிதா லோப்பி என்பார்கள். ‘லோப்பி’ என்றால் படகு. ‘பன்ரிதா’ என்பது வெறும் தச்சனைக் குறிக்கும் சொல் அல்ல. கை வேலையோடு மந்திரமும் நாள் கோளும் அறிந்தவர் என்று பொருள். நம் ஊரில் ஸ்தபதி என்று சொல்லும்போது சிற்பமும் சாஸ்திரமும் சேர்ந்து வருகிற மாதிரி. அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் சாவி. பையன்கள் சுத்தியல் எடுத்துக் கொடுப்பதில் தொடங்கி மேலே வருவார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு மரக்கப்பலைக் கட்ட அடிப்படையில் இரண்டு வழிகள் உண்டு.

கடந்த சில நூற்றாண்டுகளாக ஐரோப்பியர்கள் கட்டிய வழி முதலாவது. அடியில் முதுகெலும்பு போல ஒரு நீண்ட மரம். தோணி கட்டும் நம் ஆசாரிகள் அதை ‘ஏரா’ என்பார்கள். அதன் இரு பக்கமும் விலா எலும்புகள் போல வளைந்த சட்டங்களை நிறுத்துவார்கள். இதற்குத் தமிழில் ‘வங்கு’ என்று பழைய சொல் இருக்கிறது. ஆக முதலில் எலும்புக்கூடு நின்றுவிடும். கப்பலின் உருவம் அப்போதே முடிவாகிவிட்டது. பிறகு பலகைகளை வளைத்து அந்த எலும்புகளின் மேல் அறைந்தால் தோல் போர்த்திய மாதிரி. இந்த முறைக்கு வரைபடம் வேண்டும், ஒவ்வொரு வங்கின் வளைவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

சுலவேசி வழி இதைத் தலைகீழாகச் செய்கிறது. ஏராவை வைத்தவுடன் பலகைகளை ஏற்ற ஆரம்பித்துவிடுவார்கள். வங்கு அப்போது ஒன்றுகூட இருக்காது. ஏராவின் விளிம்போடு முதல் பலகை, அதன் விளிம்போடு அடுத்தது என்று பலகை மேல் பலகையாகத் தோல் தானே எழும்பி நிற்கும். கலத்தின் வயிறு உருவான பிறகுதான் உள்ளே வங்குகளைப் பொருத்துவார்கள். தோல் முதலில், எலும்பு பிறகு. மொத்த விஷயத்தின் சூட்சுமமும் இதில்தான் இருக்கிறது.

இதைக் கேட்டதும் எழ வேண்டிய கேள்வி: எலும்பே இல்லாமல் வளைவு எங்கிருந்து வருகிறது?

ஜாக்கெட் தைக்கும் தையற்காரரிடம் போங்கள். அவர் மேசை மேல் கிடப்பது தட்டையான துணி. உள்ளே பொம்மை எதுவும் இல்லை. ஆனால் துணியின் ஓரத்தை அவர் வெட்டும் வளைவிலும், பிடிக்கும் டாட்டிலும் ஒரு உடம்பின் வடிவம் ஒளிந்திருக்கிறது. ஓரங்களைச் சேர்த்துத் தைத்ததும் தட்டைத் துணி குவிந்து உருவம் எடுக்கிறது. படகுப் பலகையும் அப்படித்தான். ஒவ்வொரு பலகையும் நடுவில் அகலமாகவோ, நுனியில் குறுகியோ, விளிம்பு சரிவாகவோ செதுக்கப்படும். அந்த விளிம்பு அடுத்த பலகையின் விளிம்போடு எந்தக் கோணத்தில் சேர்கிறதோ, அதுதான் கலத்தின் வயிற்றைத் தீர்மானிக்கிறது. தேவையான இடத்தில் பலகையை நெருப்பில் வாட்டியும் வளைப்பார்கள். கடினமான வேலை விளிம்பில்தான்.

வரைபடம் எங்கே என்று கேட்டால் ஆசாரி தன் தலையைத் தொட்டுக் காட்டுவார். அதைப் பெரிய மர்மமாக்க வேண்டியதில்லை. இன்ன அளவுக் கலத்துக்கு ஒரு பக்கத்தில் இத்தனை வரிசைப் பலகை, இந்த வரிசையில் இத்தனை துண்டு, எந்தத் துண்டு எங்கே முடிய வேண்டும் என்பதெல்லாம் மரபில் வகுக்கப்பட்ட ஒழுங்கு. வாங்குபவர் ஏராவின் நீளத்தைச் சொன்னால் மற்ற அளவுகள் அதிலிருந்து விகிதமாகக் கிளைக்கும். கோலம் போடும் பெண் புள்ளி எண்ணிக்கையைச் சொன்னவுடன் கோலம் முழுவதையும் கையில் வைத்திருப்பது போல. தாளில் இல்லை என்பதால் திட்டமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, பலகையும் பலகையும் எப்படி ஒட்டி நிற்கின்றன? இங்கே மரமுளை வருகிறது. கீழ்ப் பலகையின் மேல் விளிம்பில், அதன் தடிப்புக்கு நடுவே, சீரான இடைவெளியில் துளைகள் போடுவார்கள். மேல் பலகையின் கீழ் விளிம்பிலும் அதே இடங்களில் துளைகள். நடுவே கெட்டி மரத்தில் சீவிய முளைகளைச் செருகி, மேல் பலகையைக் கொட்டாப்புளியால் அடித்து இறக்குவார்கள். இரண்டு விளிம்பும் கச்சிதமாகப் பொருந்தினால் நல்லது. பொருந்தாவிட்டால் எங்கே இடிக்கிறது என்று பார்த்து, பலகையைக் கழற்றி, அந்த இடத்தை மட்டும் இழைத்து, மறுபடி இறக்க வேண்டும். பத்து மீட்டர் பலகையில் இந்த வேலை என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்த பிறகு முளைகள் வெளியே தெரியாது. தெரியாத இடத்தில்தான் கலத்தின் பலம் இருக்கிறது.

இதற்கு இரும்பு ஆணி ஏன் கூடாது? அடித்தால் நிற்கும்தான். ஆனால் உப்புத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கும், துரு சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும், துளை பெரிதாகும், ஆணி ஆடும். மரமுளையோ பலகையோடு சேர்ந்து நனையும், சேர்ந்து உப்பும். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு உப்பிச் சாத்த முடியாமல் அவதிப்பட்டவர்களுக்கு இது புரியும். வீட்டில் அது தொல்லை. கடலில் அதுவே பூட்டு.

கட்டும்போது ஒரு விதியை மறக்கவே மாட்டார்கள். ஒரு வரிசையில் இரண்டு பலகைத் துண்டுகள் சேரும் இடத்துக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் சேர்க்கை வரக்கூடாது. செங்கல் சுவரில் ஜாயின்ட் மேல் ஜாயின்ட் வந்தால் நம் கொத்தனார் கத்துவாரே, அதே காரணம்தான். பிறகு உள்ளே வங்கு வைக்கும்போது அதைப் பலகையோடு பிணைக்கும் துளை, ஏற்கெனவே விளிம்பில் ஒளிந்திருக்கும் முளையைக் குத்திவிடவும் கூடாது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான முளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதும் ஆசாரியின் நினைவில் இருக்க வேண்டும்.

வங்கு பின்னால் வருவதில் ஒரு வசதி உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. நேர் மரத்தை அறுத்து வளைவான சட்டம் செய்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, பளு வரும்போது அங்கேயே முறியும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையோ வேரடியோ கிடைத்தால் நார் வளைவோடு ஓடும், முறியாது. ஆனால் காட்டில் நமக்கு வேண்டிய வளைவு வேண்டிய நேரத்தில் கிடைக்குமா? முதலில் வங்கு என்றால் ஒரே அளவு வளைவுக்கு ஜோடி ஜோடியாக மரம் தேடி அலைய வேண்டும். முதலில் தோல் என்றால், கலத்தின் உள்வளைவு கண்முன்னே இருக்கிறது. கையில் உள்ள கோணல் கட்டைகளில் எது எந்த இடத்துக்குப் பொருந்தும் என்று பார்த்துச் செதுக்கி வைத்துவிடலாம். கோணல் மரத்துக்கும் வேலை கிடைக்கிறது.

இது இந்தக் கரையில் மட்டும் தோன்றிய வித்தை என்று நினைக்க வேண்டாம். தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பழைய கலங்கள் பலகை முதலில் என்ற முறையில்தான் கட்டப்பட்டன. 2008இல் நடு ஜாவாவின் ரெம்பாங் கரையில் புஞ்சுல்ஹார்ஜோ என்ற ஊரில் தோண்டும்போது சேற்றுக்குள் ஒரு பழைய படகு கிடைத்தது. 7 - 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் பலகைகளின் விளிம்பில் மரமுளைகள் இருந்தன. கூடவே பலகையின் உட்புறம் விடப்பட்ட குமிழ்களில் கயிறு கோத்து வங்கோடு கட்டியிருந்தார்கள். கயிறு பின்னால் மறைந்துபோயிற்று, முளை நிலைத்தது. நம் சோழமண்டலக் கரையில் ஓடிய மசூலா படகும் பலகை முதல் வகைதான். அங்கே பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள், வங்கே கிடையாது. அலை அடிக்கும் மணற்கரையில் மோதும்போது உடையாமல் நெளிந்துகொடுக்க அந்தத் தையல் உதவியது. கடல் வேறு, தேவை வேறு, வித்தை மட்டும் பங்காளி.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே எவ்வளவு இழைத்தாலும் மயிரிழை இடைவெளி இருக்கும். அதை அடைக்க வேண்டும். நம் துறைமுகங்களில் இதைக் கலப்பத்து என்பார்கள். சுலவேசியில் இதற்குப் பயன்படுவது தாள் தாளாக உரியும் ஒரு மரத்தின் பட்டை. மலாய் மொழியில் அந்த மரத்துக்கு கெலாம் என்று பெயர். கம்போங் கிளாம் என்ற பெயரில் இருப்பது இதுதான். அந்த மரங்கள் நின்ற இடம் என்பதால் வந்த பெயர். பட்டை விளிம்புகளுக்கு இடையே கிடந்து, நீர் பட்டதும் உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பும் தேங்காய் எண்ணெயும் கலந்த பூச்சு. இதைப் பல மணி நேரம் விடாமல் இடித்துப் பதமாக்குவார்கள். சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்து வீடு பூசிய நம் தாத்தாக்கள் இதைப் பார்த்திருந்தால் தலையசைத்திருப்பார்கள்.

மரம் என்று சொன்னேன், என்ன மரம்? உள்ளூர்க்காரர்கள் உயர்வாக நினைப்பது பித்தி. நம் வேலியோர நொச்சி எந்தப் பேரினமோ அதே பேரினம், ஆனால் இது கப்பலுக்கு ஆகும் அளவுக்குப் பெருமரமாக வளரும். உறுதியும் உண்டு, வளைந்தும் வளரும். பெரிய கலங்களுக்கு ஏராவும் அடிப்பலகையும் இரும்பு மரம் என்றே அழைக்கப்படும் உலின் போன்ற கெட்டி மரங்களில். மேல்தளத்துக்கும் அறைகளுக்கும் தேக்கு.

ஏரா வைக்கும் நாள்தான் கலத்தின் முதல் பிறந்தநாள். மாதத்தின் ஐந்தாம் நாளோ ஏழாம் நாளோ பார்ப்பார்கள். கொஞ்சோ மொழியில் ஐந்து என்ற சொல்லில் கை என்ற பொருளும் ஒலிக்கும். பிழைப்பு கைக்கு வந்தது என்று அர்த்தம். ஏழுக்கும் அதுபோல ஒரு சொல் நயம் உண்டு. ஏராவின் இரண்டு நுனியையும் பன்ரிதா லோப்பி வெட்டுவார். வெட்டத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக்கூடாது. முன்நுனியில் வெட்டிய துண்டைக் கடலில் எறிவார்கள். அது பிழைப்புத் தேடிப் போகும் கணவன். பின்நுனித் துண்டை வீட்டில் வைப்பார்கள். அது காத்திருக்கும் மனைவி. ஏராவே பல துண்டுகள் சேர்ந்ததுதான். அந்தச் சேர்க்கையையும் ஆணும் பெண்ணும் கூடுவதாகவே சொல்வார்கள். கலம் முடிந்து கடலுக்குப் போகும் முன் அம்மோசி என்ற சடங்கு. ஏராவின் நடுவே ஒரு துளை போடுவார்கள். அது தொப்புள். மொத்தத்தில் கலம் ஒரு பொருளாகச் செய்யப்படுவதில்லை, பிள்ளையாகப் பெறப்படுகிறது. இதையெல்லாம் வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் வரைபடம் இல்லாத ஒரு தொழிலில், எது எப்போது, எதற்குப் பின் எது என்பதை மறக்காமல் வைத்திருக்கச் சடங்கைவிட நல்ல குறிப்பேடு கிடைப்பது கஷ்டம் என்பது என் எண்ணம்.

இதுவரை ‘பினிசி’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்து வந்தேன். இணையத்தில் தேடினால் முதலில் வருவது அதுதான், குழப்புவதும் அதுதான். பலரும் அதைக் கப்பலின் பெயர் என்று நினைக்கிறார்கள். கறாராகச் சொன்னால் அது பாய் கட்டும் விதத்தின் பெயர். இரண்டு பாய்மரம், பொதுவாக ஏழு பாய்: அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், மூன்று முக்கோணப் பாய்கள், இரண்டு மரத்திலும் பெரிய பாய் ஒவ்வொன்று, அவற்றின் தலைக்கு மேல் சிறியது ஒவ்வொன்று. பெரிய பாயின் மேல் விளிம்பைத் தாங்கும் கழி எப்போதும் மேலேயே நிற்கும். பாயை விரிக்க ஜன்னல் திரையை இழுப்பது போலக் கழியோரமாக இழுத்தால் போதும். சுருக்க, மரத்தோடு சேர்த்து ஒதுக்கிவிடலாம். கப்பலில் ஆள் குறைவாக இருந்தாலும் சமாளிக்க ஏற்றது. இந்தப் பாய்களைத் தாங்கிய பழைய உடலுக்கு பலாரி என்று பெயர். முன்னும் பின்னும் கூராக, பின்பக்கம் இரு ஓரத்திலும் ஒவ்வொரு சுக்கான்.

பினிசி ரொம்பப் பழையதும் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கடல்களில் ஓடிய ஐரோப்பியக் கப்பல்களின் பாய்களைப் பார்த்து, அதைத் தங்கள் உடலுக்கு ஏற்பத் திருத்தி எடுத்துக்கொண்டார்கள். முழுமையான முதல் பினிசி 1906இல் ஆரா, லெமோ லெமோ ஆசாரிகளால் ஒரு பிரா மாலுமிக்காகக் கட்டப்பட்டது என்று சொல்வார்கள். ‘ஆயிரமாண்டுப் பினிசி’ என்று சுற்றுலா விளம்பரத்தில் பார்த்தால் சிரித்துவிட்டு நகரலாம். பலகை சேர்க்கும் முறைக்கு ஆயிரமாண்டு உண்டு. பாய் மட்டும் நேற்று வந்தது. 2017இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும், ‘பினிசி’ என்ற பெயரின் கீழ் தென் சுலவேசியின் படகு கட்டும் கலையைத்தான் சேர்த்தது.

அதற்கு முன் ஓடியது படேவாகாங். மூன்று கால் கொண்ட பாய்மரம், சாய்வாகத் தொங்கும் நீள்சதுரப் பாய். இதில் ஏறித்தான் மகாசார், பூகிஸ் ஆட்கள் ஆண்டுதோறும் மேற்குக் காற்றில் ஆஸ்திரேலியாவின் வடகரைக்குப் போய்க் கடல் அட்டை பிடித்து, வேகவைத்து, உலர்த்தி, சீனச் சந்தைக்கு அனுப்பினார்கள். அந்த நிலத்துக்கு மாரெகே என்று பெயர் வைத்திருந்தார்கள். 1803 பிப்ரவரியில் அந்தக் கரையை அளந்துகொண்டு வந்த ஆங்கிலேய மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸ், ஆறு கலங்களோடு நின்ற பொபாசூ என்ற முதிய தலைவரைச் சந்தித்தார். அந்தப் பருவத்தில் மொத்தம் 60 கலங்கள் வந்திருப்பதாக அவரிடம் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் யொல்ங்கு மக்கள் இன்றும் வெள்ளைக்காரரை ‘பலாண்டா’ என்கிறார்கள். ஹாலந்துக்காரர் என்பதன் திரிபு, இந்தப் படகோட்டிகள் கொண்டுவந்த சொல். அந்தக் கடற்கரைகளில் படகோட்டிகள் தங்கிய இடங்களை இப்போதும் கண்டுபிடிக்கலாம், அங்கே புளியமரங்கள் நிற்கின்றன. சமைத்துத் துப்பிய கொட்டைகள். புளி இல்லாமல் அடுப்பு பற்றவைக்காதவர்கள் நாம் மட்டும் இல்லை போலும். 1907 பருவத்தோடு உரிமம் மறுக்கப்பட்டு அந்தப் போக்குவரத்து நின்றது. 1988இல் ‘ஹாத்தி மாரெகே’ என்ற படேவாகாங் ஒன்றைப் பழைய முறையிலேயே கட்டி மகாசாரிலிருந்து அங்கே ஓட்டிக் காட்டினார்கள்.

வணிகம் பெருகினால் வழக்கும் பெருகும். மகாசாரில் இருந்த வாஜோ வணிகர்களின் தலைவர் அமன்னா கப்பா 17ஆம் நூற்றாண்டில் கடல் வணிகச் சட்டம் ஒன்றையே தொகுத்தார். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சரக்குக்கு என்ன கூலி, கடன் திரும்பாவிட்டால் என்ன செய்வது, மாலுமியின் கடமை என்ன என்பதெல்லாம் அதில் வருகிறது. எழுதிய எழுத்துக்கு லொந்தாரா என்று பெயர். லொந்தார் என்றால் பனை. ஓலையில் எழுதியதால் வந்த பெயர். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இந்தோனேசிய மொழியில் பெரிய கலத்துக்குச் சொல் ‘காப்பால்’. நம் கப்பல்தான் அங்கே கரையேறியது என்பது சொல்லாய்வாளர்களின் பொதுவான கருத்து.

1970களில் எஞ்சின் வந்தது. அதுவரை பாயை மட்டும் நம்பி நூற்றுக்கணக்கான கலங்கள் தீவுக்குத் தீவு மரமும் அரிசியும் சிமெண்டும் சுமந்தன. உலகில் அப்போது மிஞ்சியிருந்த மிகப் பெரிய வணிகப் பாய்க்கலக் கூட்டங்களில் அதுவும் ஒன்று. எஞ்சினோடு உடலும் மாறியது. கூரான பலாரிப் பின்புறத்தில், கலத்தை உந்தும் எஞ்சின் விசிறிக்கு இடமில்லை. ஓரச் சுக்கான்களும் போயின. ஐரோப்பிய வழியில் நடுச் சுக்கான் கொண்ட லம்போ என்ற உடல் அந்த இடத்தைப் பிடித்தது. பாய் குறைந்து, பாய்மரம் சரக்குத் தூக்கும் கம்பமாயிற்று. ஜகார்த்தாவின் சுண்டா கெலாப்பா துறையில் கூர்மூக்கை உயர்த்தி வரிசையாக நிற்பவை அந்தச் சந்ததிதான். 1986இல் ‘பினிசி நுசந்தாரா’ பசிபிக்கைக் கடந்து கனடாவின் வான்கூவர் கண்காட்சிக்குப் போனபோது அதிலும் எஞ்சின் இருந்தது.

இப்போது தானா பேருவில் கட்டுவதில் பெரும்பகுதி சுற்றுலாக் கப்பல்கள். லபுவான் பாஜோவிலிருந்து கொமோடோ தீவுக்குப் போகிறவர்கள் படுத்துத் தூங்கி எழும் குளிர்சாதன அறைகள் கொண்டவை. வாங்க வருகிறவர்களில் சிலர் கையில் வரைபடத்தோடு வருகிறார்கள். மின்சார டிரில் வந்துவிட்டது, சங்கிலி வாள் வந்துவிட்டது, பெரிய இணைப்புகளுக்கு இரும்பு போல்ட்டும் உண்டு. அருகில் நல்ல மரம் கிடைப்பது அருகிவிட்டதால் தொலைதூரத் தீவுகளிலிருந்து வரவழைக்கிறார்கள். சில ஆசாரிகள் மரம் இருக்கும் போர்னியோவின் கரைகளுக்கே போய்க் கட்டுகிறார்கள். ஆனால் விமான டிக்கெட் விலைக்கு அறை வாடகை கேட்கும் அந்தச் சொகுசுக் கப்பலின் வயிற்றுக்குள்ளும், பலகை விளிம்பில் வெளியே தெரியாமல் மரமுளைகள் உட்கார்ந்திருக்கின்றன.

கட்டி முடித்ததும் அன்யோரோங் லோப்பி. கலத்தைக் கடலுக்குள் தள்ளுவது. சில கலங்கள் முப்பது மீட்டருக்கும் மேல் நீளம், மணலில் மாதக்கணக்கில் ஊன்றி நின்றவை. முன்பெல்லாம் ஊரே திரண்டு வடம் பிடிக்கும். ஒருவர் பாட்டெடுக்க, மற்றவர்கள் ஒரே மூச்சில் இழுக்க, கலம் விரற்கடை நகரும். திருவாரூர் ஆழித்தேர் வடம் பிடித்தவர்களுக்கு அந்த விரற்கடையின் மதிப்பு தெரியும். இப்போது கப்பியும் சங்கிலியும் கூட வேலை செய்கின்றன, ஆனாலும் பெரிய கலம் நீரைத் தொட நாட்கணக்கில் ஆவது உண்டு. கடைசி நீட்டத்துக்கு உயர் ஓதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறி, அடி மிதந்து, கலம் தானே பக்கவாட்டில் லேசாக அசைந்த பிறகுதான் வடத்தை விடுவார்கள். கரையில் முட்டுக்கட்டைகளும் மரச் சீவலும் கிடக்கும். அடுத்த ஏராவுக்கு ஐந்தா ஏழா என்று நாள் பார்க்க வேண்டும்.